"நான்" என்ற உணர்வு எதனால் வருகிறது? கண்ணாடிச் சோதனை சொல்வதும் சொல்லாததும்

கேள்வி இது: மனிதனுக்கும் சில மிருகங்களுக்கும் தன்னைத் தானே அறியும் உணர்வு எதனால் வருகிறது? மூளையில் அதற்கென்று தனி இடம் உண்டா? கண்ணாடியில் தன்னை அடையாளம் கண்டுகொள்ளாத நாய்க்கு அந்த உணர்வே கிடையாது என்று அர்த்தமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: அப்படி அர்த்தமில்லை. ஏன் என்று விளங்கக் கொஞ்சம் அடியிலிருந்து வர வேண்டும். இந்த விஷயத்தைப் பற்றிய பெரும்பாலான விளக்கங்கள் கண்ணாடியில் ஆரம்பித்துக் கண்ணாடியிலேயே முடிந்துவிடுகின்றன. கண்ணாடி எல்லாம் மேல்மாடி. அஸ்திவாரம் மிகப் பழையது, பூச்சிகளிடமும் இருக்கிறது. உடம்பு ஓயாமல் போட்டுக்கொண்டிருக்கும் ஒரு கணக்குதான் அது: இப்போது எனக்குப் புலப்பட்டது நான் செய்ததால் வந்ததா, வெளியிலிருந்து வந்ததா?

அந்தக் கணக்கை இப்போதே பிடித்துப் பார்க்கலாம். ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். திறந்திருக்கும் கண்ணின் வெளி ஓரத்தில், இமையின் மேல் விரல் நுனியை வைத்து மிக மெதுவாக அசையுங்கள். எதிரே இருக்கும் சுவர் ஆடும். விரலை எடுத்துவிட்டு, அதே கண்ணை நீங்களாகவே இடமும் வலமும் உருட்டுங்கள். விழித்திரையில் பிம்பம் முன்னைவிட அதிகமாகவே நகர்கிறது, ஆனால் சுவர் நின்ற இடத்தில் நிற்கிறது. கண்ணை நீங்களே உருட்டும்போது, கண் தசைகளுக்குப் போகும் உத்தரவின் நகல் ஒன்று மூளையின் பார்வைப் பகுதிகளுக்கும் போகிறது. இவ்வளவு நகர்வு வரப்போகிறது, அது நம்முடையது, கழித்துக்கொள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. விரலால் தள்ளும்போது தசைக்கு உத்தரவே போகவில்லை, அதனால் நகலும் இல்லை. கழிக்க ஒன்றுமில்லாததால், நகர்ந்தது உலகம்தான் என்று கணக்கு முடிகிறது.

1950இல் எரிக் ஃபான் ஹோல்ஸ்ட், ஹோர்ஸ்ட் மிட்டல்ஷ்டேட் என்ற இரு ஜெர்மன் ஆய்வாளர்கள் இதை ஓர் ஈயில் காட்டினார்கள். தேனீயைப் போலத் தோன்றும் ஒரு வகை ஈ அது. அதைச் சுற்றிக் கோடு போட்ட உருளையைச் சுழற்றினால், கோடுகளோடு சேர்ந்து அதுவும் திரும்பும். அதுவே தானாக நடந்து திரும்பும்போதும் கண்ணில் கோடுகள் நகரத்தான் செய்கின்றன, ஆனால் ஈ குழம்புவதில்லை. அவர்கள் ஈயின் தலையை 180 பாகை திருப்பி அப்படியே ஒட்டிவிட்டார்கள். இப்போது நகலுக்கும் கண்ணில் வரும் நகர்வுக்கும் குறி நேர்மாறு. கழிபட வேண்டியது கூடிப்போகிறது. ஈ நகரத் தொடங்கியதுமே நிற்க முடியாமல் வட்டம் வட்டமாகச் சுற்றியது.

சுவர்க்கோழி என்ற பூச்சியில் இந்தக் கணக்கைப் போடும் நரம்புச் செல்லையே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆண் சுவர்க்கோழி முன் இறக்கைகளை ஒன்றோடொன்று உரசிப் பாடுகிறது. காது அதன் முன்னங்கால்களில் இருக்கிறது. பாட்டின் ஓசை அந்தக் காதருகே 100 டெசிபெல் அளவுக்குப் போகும். அப்படிக் கத்திக்கொண்டே அது எப்படி வெளி ஓசைகளுக்குச் செவிடாகாமல் இருக்கிறது? 2006இல் பூலே, ஹெட்விக் இருவரும் காட்டியது இதுதான்: இறக்கை ஓசை எழுப்பும் ஒவ்வொரு முறையும், அதே நொடியில் ஒரு குறிப்பிட்ட நரம்புச் செல் துடித்துக் கேட்கும் செல்களை அடக்குகிறது. இறக்கையிலிருந்து ஓசையே வராதபடி செய்தாலும், பாடும் உத்தரவு போகும்போது அடக்கல் நடக்கிறது. பூச்சி சும்மா இருக்கும்போது வெளியிலிருந்து அதே ஓசையைக் கொடுத்தால் அடக்கல் இல்லை, முழுதாகக் கேட்கிறது. "இது என் குரல்" என்ற வேறுபாடு ஓர் ஒற்றைச் செல்லின் வேலையாக இருக்கிறது. சுவர்க்கோழி தன்னைப் பற்றி யோசிக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் "நான்" என்பதற்கான முதல் எல்லைக்கோடு அங்கேயே விழுந்துவிடுகிறது.

நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்ட முடியாததற்கும் இதே கணக்குதான் காரணம். 1990களின் இறுதியில் சாரா ஜேன் பிளேக்மோரும் உடன் ஆய்வாளர்களும் இடையில் ஓர் இயந்திரத்தை வைத்தார்கள். ஆள் ஒரு கையால் பிடியை அசைத்தால், இயந்திரம் அதே அசைவை மறு உள்ளங்கையில் ஒரு பஞ்சுத் துண்டால் வருடும். உடனுக்குடன் வருடினால் கூச்சம் இல்லை. பிடியை அசைப்பதற்கும் பஞ்சு வருடுவதற்கும் இடையே ஒரு நொடியின் பத்தில் ஒன்று, இரண்டு, மூன்று பங்கு என்று தாமதத்தைக் கூட்டக் கூட்ட, தன் தொடுகையே பிறர் தொடுகை போலக் கூசத் தொடங்கியது. கணிப்பு பொருந்தினால் "நான்", பொருந்தாவிட்டால் "யாரோ". காதில் குரல் கேட்பதாகவும் தன்னை யாரோ இயக்குவதாகவும் சொல்லும் மனநோயாளிகளுக்குத் தங்கள் தொடுகையும் பிறர் தொடுகையும் ஏறக்குறைய ஒரே மாதிரி கூசின என்பதை அதே குழு 2000இல் காட்டியது. கணக்குப் பிசகினால், தன் மனதில் எழும் வார்த்தைகூட அடுத்தவர் பேச்சாகிவிடும்.

அடுத்தது "என் உடம்பு" என்ற எல்லை. மூளை இதை ஒரே வழியில் வரைவதில்லை. ஆக்டோபஸை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுக் கைகள், ஒவ்வொன்றிலும் வரிசையாக உறிஞ்சிகள், பட்டதையெல்லாம் பற்றிக்கொள்ளும். அப்படியானால் கைகள் ஒன்றையொன்று பற்றி முடிச்சு விழ வேண்டுமே? 2014இல் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் பென்யமின் ஹாக்னர் குழு, வெட்டப்பட்ட கைகளை வைத்துச் சோதித்தது. வெட்டிய பிறகும் ஒரு மணி நேரம்வரை கை அசைந்து, பட்டதைப் பற்றுகிறது. ஆனால் இன்னொரு ஆக்டோபஸ் கையின் தோல் பட்டால் பற்றுவதில்லை. தோலை உரித்த கையைக் கொடுத்தால் பற்றிக்கொள்கிறது. ஒரு தட்டின் மேல் ஆக்டோபஸ் தோலைப் போர்த்தினால் அந்த இடத்தைத் தொட்டுவிட்டு விட்டுவிடுகிறது. தோலில் இருக்கும் ஏதோ வேதிப்பொருள்தான் தடுக்கிறது. தலையின் உதவி இல்லாமலே, கையிலேயே "இது நம்ம தோல், விடு" என்று எழுதி வைத்திருப்பது போல.

நம்மிடம் அப்படி ஒரு ரசாயன முத்திரை இல்லை. நாம் ஊகிக்கிறோம். இதை உணர நல்ல வழி ரப்பர் கை சோதனை. மேத்யூ பாட்வினிக், ஜோனதன் கோஹன் இருவரும் 1998இல் வெளியிட்டது. மேசைமேல் ஒருவரின் இடது கையை வைத்து, நடுவே ஓர் அட்டையை நிறுத்தி அதை அவர் கண்ணுக்கு மறையுங்கள். அவர் முன்னால் ஒரு ரப்பர் இடது கையை, தோளிலிருந்து நீண்டு வந்தது போலவே திசை பார்த்து வையுங்கள். தோளுக்கும் ரப்பர் மணிக்கட்டுக்கும் இடையே ஒரு துணியைப் போர்த்திவிடுவது நல்லது. இரண்டு ஓவியத் தூரிகைகளால் நிஜக் கையின் விரலையும் ரப்பர் விரலையும் ஒரே இடத்தில், ஒரே திசையில், ஒரே நேரத்தில் வருடுங்கள். ஓரிரு நிமிடத்திலேயே பலர், தூரிகை படுவது ரப்பர் கையில்தான் என்று சொல்லத் தொடங்குவார்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லி, மறைந்திருக்கும் இடது கை எங்கே என்று மறு கையால் காட்டச் சொன்னால், ரப்பர் கையின் பக்கம் நகர்த்திக் காட்டுவார்கள்.

வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம். இரு தூரிகைகளும் அரை நொடி முன்பின்னாகின்றன, ரப்பர் கை உடலில் பொருந்த முடியாத கோணத்தில் கிடக்கிறது, அல்லது நிஜக் கையிலிருந்து மிகத் தள்ளி இருக்கிறது. ஒரு சாணுக்குள் வைப்பதே நல்லது. எல்லாம் சரியாக இருந்தும் சிலருக்கு எதுவும் தோன்றாது; அதுவும் இயல்புதான். 2016இல் ஜப்பானில் எலிகளுக்கு ரப்பர் வால் வைத்து இதே சோதனை நடந்தது. நிஜ வாலையும் ரப்பர் வாலையும் ஒருசேர வருடிய பிறகு, ரப்பர் வாலைப் பிடித்தபோது எலிகள் தங்கள் வாலைப் பிடித்தது போலத் தலையைத் திருப்பின. நேரம் பொருந்தாமல் வருடியபோது அந்த அளவுக்குத் திரும்பவில்லை. அப்படியானால் "என் உடம்பு" என்ற ஊகம் மனிதனுக்கு மட்டும் உரிய வித்தையில்லை.

இதயத் துடிப்பு, மூச்சு, பசி, வயிற்றுப் பிசைவு ஆகிய உள்ளிருந்து வரும் செய்திகளும் இந்த ஊகத்தில் சேருகின்றன. இவை கூடும் முக்கிய இடம் மூளையின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் இன்சுலா என்ற பகுதி. நாடியைத் தொடாமல் தன் துடிப்பை எண்ணச் சொன்னால் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் தெரியும். ஆனால் அந்தச் சோதனையை நான் அதிகம் நம்புவதில்லை. தன் வழக்கமான துடிப்பு வேகம் தெரிந்தவர் உணராமலே சரியாகச் சொல்லிவிடலாம்.

இதற்கு மேலே ஒரு முக்கியமான படி இருக்கிறது. உடம்பை உள்ளிருந்து உணர்வது ஒன்று; அதையே உலகில் இடம் அடைக்கும் ஒரு பொருளாக அறிவது வேறு. பாய்மேல் நின்றுகொண்டு அந்தப் பாயையே இழுக்கும் சிறு குழந்தையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தன் கனம்தான் தடை என்று அதற்குத் தெரியவில்லை. இரண்டாம் வயதில்தான் இறங்கிவிட்டு இழுக்கத் தெரிகிறது. 2017இல் ரேச்சல் டேல், ஜோஷுவா பிளாட்னிக் இருவரும் தாய்லாந்தில் 12 ஆசிய யானைகளை இப்படிச் சோதித்தார்கள். யானை ஒரு விரிப்பின் மேல் நிற்கும். ஒரு குச்சியை எடுத்து எதிரே நிற்பவரிடம் கொடுக்க வேண்டும். சில முறை அந்தக் குச்சி விரிப்போடு கயிற்றால் கட்டப்பட்டிருக்கும். இறங்கினால்தான் கொடுக்க முடியும். வேறு சில முறை குச்சிக்கும் விரிப்புக்கும் தொடர்பே இருக்காது. கட்டியிருந்தபோது யானைகள் இறங்கிவிட்டுக் கொடுத்தன. கட்டாதபோது பெரும்பாலும் நின்ற இடத்திலிருந்தே கொடுத்தன. அந்த இரண்டாவது நிலைதான் சோதனையின் உயிர். அது இல்லையென்றால், சும்மா இறங்கிப் பழகிய யானையையும் அறிவாளி என்று சொல்லிவிடுவோம்.

இப்போது கண்ணாடிக்கு வரலாம். கார்டன் கேலப் 1970இல் வெளியிட்ட சோதனை இது. சிம்பன்சிகளின் கூண்டுக்கு எதிரே முழு உருவக் கண்ணாடியை 10 நாள் வைத்தார். முதல் இரண்டு மூன்று நாள் அவை அதைப் பார்த்து உறுமின, மிரட்டின, கொஞ்சின, வேறொரு சிம்பன்சி என்றே நினைத்தன. பிறகு மாற்றம். பல்லிடுக்கில் சிக்கியதைக் கண்ணாடி பார்த்து எடுத்தன, நேராகப் பார்க்க முடியாத உடல் பாகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தன. இதோடு நின்றிருந்தால் அது வெறும் அபிப்பிராயமாகப் போயிருக்கும். கேலப் அவற்றை மயக்கி, ஒரு புருவ மேட்டிலும் எதிர்ப்பக்கக் காதின் மேல்நுனியிலும் சிவப்புச் சாயம் தடவினார். உலர்ந்த பிறகு வாசனை இல்லை, உறுத்தலும் இல்லை. விழித்தபின் முதலில் கண்ணாடி இல்லாமல் 30 நிமிடம் கவனித்தார். சாயத்தை அவை ஏறக்குறையத் தொடவே இல்லை. கண்ணாடியை வைத்ததும் கை நேராகத் தன் புருவத்துக்குப் போனது. முன்பு கண்ணாடியே பார்த்திராத சிம்பன்சிகளும், நீண்ட நாள் கண்ணாடி பார்த்த வேறு இனக் குரங்குகளும் அப்படிச் செய்யவில்லை. அடுத்த ஆண்டு வந்த முடிவு எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது: பிறந்ததிலிருந்து தன் இனத்தைப் பார்க்காமல் தனியே வளர்க்கப்பட்ட சிம்பன்சிகள் கண்ணாடியில் தங்களை அறியவில்லை. "நான்" உருவாக "நீ" தேவைப்படுகிறது.

1972இல் பியூலா ஆம்ஸ்டர்டாம் 3 முதல் 24 மாதம் வரையிலான 88 குழந்தைகளை மூக்கில் சாயம் தடவிச் சோதித்தார். 20 மாதத்துக்கு மேற்பட்டவர்களில் 65 சதவீதம் பேர் தங்களை அடையாளம் கண்டார்கள். அதைவிடச் சிறியவர்கள் கண்ணாடியில் தெரிந்த குழந்தையோடு விளையாடினார்கள், கண்ணாடிக்குப் பின்னால் போய்த் தேடினார்கள், அல்லது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருந்தால் இதைச் செய்து பார்க்கலாம். ஆனால் முறையாகச் செய்யாவிட்டால் பயனில்லை. சில நாள் கண்ணாடி பழகட்டும். பாதுகாப்பான முகச்சாயத்தைக் கைக்குட்டையில் எடுத்து, மூக்கைத் துடைப்பது போலத் தடவுங்கள். சாயம் குளிர்ச்சியாகவோ ஈரமாகவோ இருந்தால் கண்ணாடி இல்லாமலே தொட்டுவிடும். நெற்றியில் வைக்காதீர்கள், பொட்டு பழகிய குழந்தைக்கு அது செய்தியே இல்லை. சாயம் வைத்தபின் சில நிமிடம் கண்ணாடியைக் காட்டாமல் எத்தனை முறை மூக்கைத் தொடுகிறது என்று எண்ணுங்கள். பிறகு கண்ணாடி முன் அதே அளவு நேரம் விட்டு எண்ணுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், சுட்டிக் காட்டாதீர்கள், சிரிக்காதீர்கள். கண்ணாடியைத் தொடுவது கணக்கில் வராது. தன் மூக்கைத் தொட்டால்தான் தேர்ச்சி. தொடாவிட்டால் பயப்பட எதுவுமில்லை. சில வாரம் கழித்துப் பாருங்கள். இதே காலத்தில்தான் வெட்கம் எட்டிப் பார்க்கிறது, "பாப்பாவுக்கு வேணும்" மெல்ல "எனக்கு வேணும்" ஆகிறது. இவை ஒன்றையொன்று ஒட்டி வருவது தற்செயலில்லை.

தேறாததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், அதுதான் இந்தச் சோதனையின் பெரிய பலவீனம். கொரில்லாவுக்கு நேருக்கு நேர் கண் பார்ப்பது சண்டைக்கு அழைப்பு. அது கண்ணாடியை உற்றுப் பார்ப்பதே குறைவு. 2006இல் நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்குக் காட்சியகத்தில் மூன்று யானைகளின் தலையில் வெள்ளைக் குறி போட்டார்கள், மறுபக்கம் நிறமே தெரியாத போலிக் குறி. ஹேப்பி என்ற யானை மட்டும் வெள்ளைக் குறியைத் தும்பிக்கையால் திரும்பத் திரும்பத் தொட்டது. மற்ற இரண்டும் தொடவில்லை. ஆனால் அவையும் கண்ணாடியை வைத்துத் தம் வாய்க்குள் ஆராய்ந்தன. சேற்றையும் மண்ணையும் தானே வாரித் தலையில் போட்டுக்கொள்ளும் மிருகத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு எதற்கு உறுத்த வேண்டும்? மனிதக் குழந்தைகளிலேயே, கென்யாவில் நடந்த ஆய்வில் ஆறு வயது நெருங்கியவர்கள்கூடக் கண்ணாடி முன் உறைந்து நின்றார்கள், குறியைத் தொடவில்லை. அவர்களுக்குத் தன்னுணர்வு இல்லை என்று யாராவது சொல்வார்களா?

தேறியதையும் அப்படியே நம்ப முடியாது. 1981இல் எப்ஸ்டீன், லான்ஸா, ஸ்கின்னர் மூவரும் புறாக்களைப் படிப்படியாகப் பழக்கி, கண்ணாடியில் மட்டும் தெரியும் நீலப் புள்ளியைத் தன் உடம்பில் கொத்தவைத்தார்கள். 2008இல் ஜெர்மனியில் ஐந்து மேக்பை பறவைகளில் இரண்டு, தொண்டையில் ஒட்டிய வண்ணப் புள்ளியைத் தட்டிவிட முயன்றன. கறுப்பு இறகில் கறுப்புப் புள்ளி ஒட்டியபோது சும்மா இருந்தன. ஆனால் 2020இல் வேறொரு குழு அதைத் திரும்பச் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. ரீசஸ் குரங்குகளோ இயல்பாகத் தேறாதவை. 2015இல் ஷாங்காயில் முகத்தில் லேசாகச் சுருக்கென்று படும் லேசர் ஒளியைக் கண்ணாடி முன் சில வாரம் அடித்துப் பழக்கினார்கள். பிறகு உறுத்தாத குறியையும் பெரும்பாலானவை தொட்டன. அதோடு நிற்காமல், யாரும் கற்றுக்கொடுக்காமலே கண்ணாடியை வைத்துத் தம் உடலின் மறைவான பாகங்களைப் பார்த்தன. பிம்பம் தன்னோடு சேர்ந்து அசைகிறது என்று கவனிக்கும் அக்கறைதான் அவற்றிடம் குறைவாக இருந்ததோ என்று கேட்க வைத்த முடிவு அது.

எல்லோரையும் உலுக்கியது ஒரு விரல் நீள மீன். கிளீனர் ராஸ் என்ற அந்தப் பவளப்பாறை மீன் மற்ற மீன்களின் ஒட்டுண்ணிகளைத் தின்று பிழைக்கிறது. 2019இல் ஒசாகாவின் மசனோரி கோடா குழு அதன் தொண்டையில், தோலுக்கடியில் பழுப்பு நிறக் குறியை ஏற்றியது. ஒட்டுண்ணி போலத் தோன்றும் நிறம். கண்ணாடி பார்த்த பிறகு மீன் தொண்டையைத் தரையில் உரசியது. கண்ணாடியில் தெரியாத நிறமற்ற குறிக்கு அப்படி உரசவில்லை. யானையிடம் போட்ட வெள்ளைக் கோட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள்: மீனுக்கு அதன் வாழ்க்கையில் பொருள்படும் குறியைத் தேர்ந்தார்கள். 2023இல் புகைப்படங்களைக் காட்டினார்கள். கண்ணாடி பழகிய மீன் அந்நிய முகத்தைத் தாக்கியது. தன் முகத்தை வேறு மீனின் உடலோடு ஒட்டிக் காட்டியபோது தாக்கவில்லை. கேலப் மீன் தேறியதாக ஏற்கவில்லை. குரங்கினங்களை ஆராய்ந்த பிரான்ஸ் டி வால், முதல் மீன் சோதனை வந்த 2019இலேயே, ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் தன்னுணர்வு, அந்தப் பக்கம் இருட்டு என்று பிரிப்பதை விட்டுவிட்டுப் படிப்படியான அளவாகப் பார்க்கச் சொன்னார். நான் டி வால் பக்கம். கண்ணாடிச் சோதனை ஒரு குறிப்பிட்ட திறமையைத்தான் அளக்கிறது: கண்ணால் கண்ட உருவத்தைத் தன் உடல் அசைவோடு பொருத்துவது. அது தன்னுணர்வின் ஒரு பகுதி.

இன்னொரு பகுதி காலம். 1996இல் டேனியல் பொவினெல்லியும் உடன் ஆய்வாளர்களும் குழந்தைகளோடு விளையாடும்போது, பாராட்டித் தட்டிக்கொடுப்பது போல அவர்கள் தலையில் பெரிய ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார்கள். மூன்று நிமிடம் கழித்து அந்தக் காணொளியைக் காட்டினார்கள். கண்ணாடியில் எப்போதோ தேறிவிட்ட இரண்டு மூன்று வயதுக்காரர்களில் மிகச் சிலரே கையைத் தலைக்குக் கொண்டுபோனார்கள். திரையில் இருப்பது யார் என்றால் தன் பெயரைச் சொல்வார்கள், ஆனால் ஸ்டிக்கரை எடுக்க மாட்டார்கள். நான்கு வயதில் பெரும்பாலோர் எடுத்தார்கள். சற்றுமுன் இருந்த "நான்" இப்போதைய "நானோடு" கட்டுப்பட இன்னும் இரண்டு வருடம் தேவைப்படுகிறது.

தன் மனதைத் தானே பார்ப்பது மற்றொன்று. ராபர்ட் ஹாம்ப்டன் 2001இல் ரீசஸ் குரங்குகளுக்கு ஒரு படத்தைக் காட்டி, இடைவெளிக்குப் பின், நான்கு படங்களில் அதை அடையாளம் காட்டும் தேர்வை எழுதுகிறாயா, வேண்டாமா என்று முன்னதாகவே கேட்டார். சரியாகக் காட்டினால் நிலக்கடலை, தவறினால் ஒன்றுமில்லை. தேர்வை மறுத்தால் சுமாரான தீனி ஒன்று நிச்சயம். குரங்குகள் தாமாக ஏற்ற தேர்வுகளில், கட்டாயமாகக் கொடுத்த தேர்வுகளைவிட நன்றாகச் செய்தன. சில முறை படமே காட்டாமல் தேர்வு வேண்டுமா என்று கேட்டபோது பெரும்பாலும் மறுத்தன. "எனக்கு நினைவிருக்கிறதா" என்பதை அவை எப்படியோ உள்ளே பார்த்துக்கொள்கின்றன. கண்ணாடியில் இயல்பாகத் தேறாத அதே ரீசஸ் இனம்தான் இது.

மூளையில் எந்த இடம் என்ற கேள்விக்கு வருகிறேன். ஓர் இடம் இல்லை. இன்சுலா, மூளையின் முன்புற நடுப்பகுதி, சிங்குலேட் பட்டை ஆகியவைதான் தன்னுணர்வின் இருப்பிடம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். 2012இல் விவரிக்கப்பட்ட, ஆய்வு உலகில் நோயாளி ஆர் எனப்படும் ஒருவருக்கு மூளைக்காய்ச்சலால் இந்த மூன்றும் இரு பக்கமும் பெரும்பாலும் அழிந்துவிட்டன. கண்ணாடியில் அவர் தன்னை அறிந்தார், தன் அசைவைப் பிறர் அசைவிலிருந்து பிரித்தறிந்தார். பழைய நினைவுகள் போய்விட்டதால் தன் குணத்தைப் பற்றி அவர் கொண்டிருந்த எண்ணம் சில இடங்களில் உண்மையோடு பொருந்தவில்லை. ஒரு கூறு சிதைந்தது, மற்றவை நின்றன.

இதற்கு நேர்மாறான நிலை, 1914இல் ஜோசஃப் பாபின்ஸ்கி என்ற நரம்பியல் மருத்துவர் அனோசொக்னோசியா என்று பெயரிட்டது. வலது மூளையில் பக்கவாதம் வந்து இடது கை முழுதும் செயலிழந்த சிலர், கை நன்றாகத்தான் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்வார்கள். தூக்கச் சொன்னால் தூக்கிவிட்டேன் என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. உத்தரவின் நகல் உருவாகிறது, கை நகரவில்லை என்ற செய்தியை ஒப்பிட்டுத் திருத்தும் பகுதி பழுது என்பது ஒரு நல்ல விளக்கம். அவர்களில் சிலருக்கு இடது காதில் குளிர்ந்த நீரை விட்டால், கொஞ்ச நேரத்துக்குத் தன் கை விழுந்துவிட்டது என்று தெரிகிறது. பிறகு மறுபடி மறந்துபோகிறது. ஆரம்பத்தில் கண்ணை விரலால் அசைத்தபோது பார்த்த அதே கணக்குதான், இங்கே ஒரு முழு மனிதனின் அளவில் தவறிப்போகிறது.

இனி நாய். அது மூக்கால் வாழும் உயிர், அதற்குக் கண்ணால் தேர்வு வைத்தோம். அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2017இல் வாசனைக் கண்ணாடி ஒன்றை அமைத்தார். தன் சிறுநீரின் வாசனை, அதனோடு அந்நிய வாசனை ஒன்றைக் கலந்தது, பிற நாய்களின் வாசனை என்று தனித்தனி டப்பாக்கள். தன் வாசனையை நாய்கள் சீக்கிரம் விட்டுவிட்டன. அதில் ஏதோ மாற்றம் இருந்தபோது அதிக நேரம் முகர்ந்தன. நெற்றிக் குறியைத் தொடுவதற்கு இது முழுச் சமம் என்று சொல்ல மாட்டேன். தெரிந்த வாசனை என்று அறிவதும் என் வாசனை என்று அறிவதும் வேறு.

உடம்பைப் பொருளாக அறிவதில் அதைவிடத் தெளிவான விடை கிடைத்திருக்கிறது. 2021இல் புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் யானைக்குச் செய்ததை நாய்களுக்குச் செய்தார்கள், அதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நாய் முழுதாக நிற்கும் அளவுக்கு ஒரு விரிப்பு, அதற்குப் பிடித்த ஒரு பொம்மை, சின்னக் கயிறு. பொம்மையை முதலில் விரிப்போடு கட்டுங்கள். நாயை விரிப்பின்மேல் நிறுத்தி, பொம்மையை எடுத்து வந்து தரச் சொல்லுங்கள். கவ்வித் தூக்கினால் காலடியில் விரிப்பு இழுபடும். இன்னொரு முறை அதே பொம்மையை, விரிப்பில் ஒரு துளை வழியாகத் தரையோடு அசையாதபடி கட்டுங்கள். இப்போது இழுத்தால் வராது, ஆனால் இறங்கினாலும் பயனில்லை. இரண்டு நிலைகளையும் மாற்றி மாற்றிப் பல முறை செய்து, எதில் எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எரிச்சலில் இறங்கும் நாய் இரண்டிலும் ஒரே மாதிரி இறங்கும். அந்த ஆய்வில் நாய்கள், பொம்மை விரிப்போடு கட்டியிருந்தபோது அதிகமாகவும் விரைவாகவும் இறங்கின. பொம்மையைத் தடுப்பது தன் உடம்புதான் என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது.